ஐரோப்பாவுக்காகக் கட்சி மாறலாமா? பிரிட்டனில் கட்சி உறுப்பினர் சந்தா: ஒரு ரிவ்யூ

ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறப் பிரிட்டன் வாக்களித்த 2016இலிருந்து லண்டன் தமிழ் வட்டாரத்தில் ஓயாத கேள்வி இது. லேபரில் இருக்கிறேன், ஐரோப்பிய ஒன்றியத்துக்குத் திரும்பிப் போகும் பேச்சையே அவர்கள் எடுக்க மாட்டேன் என்கிறார்கள், லிப் டெமுக்கு (லிபரல் டெமாக்ரட்ஸ்) மாறிவிடலாமா? இத்தனை வருஷம் டோரிக்கு (கன்சர்வேட்டிவ் கட்சி) ஓட்டுப் போட்டேன், வெளியேறியதையே ஒழுங்காகச் செய்யவில்லை, ஐரோப்பிய ஒன்றியத்தை எதிர்க்கும் ரிஃபார்ம் கட்சிக்குப் போய்விடலாமா? கேட்பவர்களுக்குப் பதில் சொல்கிறவர்கள் எல்லோரும் கொள்கையைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறார்கள், ஆனால் அந்தச் சந்தாவைக் கட்டினால் கையில் என்ன கிடைக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. கட்சி உறுப்பினர் என்பதும் மாதாமாதம் வங்கிக் கணக்கிலிருந்து டைரக்ட் டெபிட்டில் பணம் போகிற ஒரு சேவைதான். 2015இல் லேபரில் சேர்ந்து, 2019 கோடையில் ஐரோப்பா விஷயத்துக்காகவே லிபரல் டெமாக்ரட்ஸுக்கு மாறி, இன்றுவரை அங்கேயே இருக்கிறேன். இரண்டையும் பயன்படுத்திப் பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓட்டை மாற்றுவது வேறு, உறுப்பினர் அட்டையை மாற்றுவது வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிப் பேர் மாறியும் வருத்தப்படுகிறார்கள், மாறாமலும் வருத்தப்படுகிறார்கள். ஓட்டைத் தேர்தலுக்குத் தேர்தல் மாற்றலாம், யாருக்கும் தெரியாது, செலவும் இல்லை. ஆனால் சந்தா கட்டி ஒரு கட்சியில் சேர்வதாக இருந்தால், அந்தக் கட்சி இப்போது ஐரோப்பாவைப் பற்றி என்ன சொல்கிறது என்று பார்க்காதீர்கள். அது நாளைக்கு மாறும். அதை மாற்றும்போது உங்களைக் கேட்டு மாற்றுமா என்று பாருங்கள்.

சரி, சந்தாவுக்கு என்ன கிடைக்கிறது? தபாலில் ஒரு அட்டை வரும். மின்னஞ்சல் வரும், நிறைய வரும், அதில் பெரும்பகுதி மேலும் நன்கொடை கேட்டு. தொகுதிக் கூட்டத்துக்கு அழைப்பு வரும்: வார நாளில் மாலை ஏழரை மணிக்கு, தேவாலய ஹாலிலோ நூலகத்தின் மாடியிலோ, பிளாஸ்டிக் நாற்காலி, போன கூட்டத்தின் குறிப்பை வாசித்து ஒப்புதல் வாங்குவதில் ஆரம்பிக்கும். அப்புறம் துண்டறிக்கை. நம் ஊரில் கட்சிக்காரர் என்றால் கொடி, கூட்டம், மேடை. இங்கே கட்சிக்காரர் என்றால் முதல் வேலை வீடு வீடாகப் போய்க் கதவில் இருக்கிற லெட்டர் பாக்ஸில் காகிதம் போடுவது. அந்த லெட்டர் பாக்ஸ் மூடிக்கு இறுக்கமான ஸ்பிரிங் இருக்கும், உள்ளே குளிர்க்காற்று வராமல் தடுக்கத் தூரிகை மாதிரி ஒன்று இருக்கும், அதற்குப் பின்னால் சில வீடுகளில் நாயும் இருக்கும். பழகியவர்கள் கையில் ஒரு மரக்கரண்டி வைத்திருப்பார்கள். நான் வீட்டிலிருந்து தோசைத் திருப்பியை எடுத்துப் போனேன், அதன் தட்டையான முனையில் துண்டறிக்கையை வைத்துத் தள்ளினால் விரல் உள்ளே போகவே வேண்டாம், காகிதமும் கசங்காது. எந்தக் கட்சியில் சேர்ந்தாலும் இந்த வேலை ஒன்றேதான், அதில் வித்தியாசம் எதிர்பார்த்து மாற வேண்டாம்.

பணமும் பெரிய விஷயம் இல்லை. மாதம் சில பவுண்டுகள். மாணவர்களுக்கும் வேலை இல்லாதவர்களுக்கும் குறைத்துக்கொள்வார்கள். ஆனால் நுழைவுக் கட்டணத்தைக் கட்சிகள் எப்படி ஆயுதமாகப் பயன்படுத்தும் என்பதையும் சொல்ல வேண்டும். 2015 தலைவர் தேர்தலில் லேபர் 3 பவுண்டு வாங்கிக்கொண்டு யாரையும் ‘பதிவு செய்த ஆதரவாளர்’ ஆக்கி ஓட்டுப்போட விட்டது. அடுத்த வருடமே அதே ஓட்டுக்கு 25 பவுண்டு ஆக்கிவிட்டது.

எனக்கு இந்த விஷயத்தில் ஏன் இவ்வளவு அக்கறை என்று கேட்டால், பக்கத்து வீட்டு அண்ணன்தான் காரணம். யாழ்ப்பாணத்துக்காரர். அகதியாக டென்மார்க் போய், அங்கே குடியுரிமை வாங்கி, பிள்ளைகள் தமிழும் ஆங்கிலமும் படிக்க வேண்டும் என்று குடும்பத்தோடு இங்கே வந்தவர். இப்படி டென்மார்க், ஜெர்மனி, நெதர்லாந்து, பிரான்ஸ் பாஸ்போர்ட்டோடு லண்டனுக்கும் லெஸ்டருக்கும் வந்த ஈழத்தமிழ்க் குடும்பங்கள் ஏராளம், அவர்களைக் கொண்டுவந்து சேர்த்தது ஐரோப்பிய ஒன்றியத்தின் சுதந்திர நடமாட்டம்தான், விசா இல்லை, ஸ்பான்சர் இல்லை, பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்து வேலை தேடலாம். 2016 ஜூன் 23 பொதுவாக்கெடுப்பில் அவருக்கு ஓட்டு கிடையாது. எனக்கு உண்டு, ஏனென்றால் நான் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்த காமன்வெல்த் குடிமகன். இந்தியர், இலங்கையர், மலேசியர் எல்லோரும் இங்கே வசித்தால் ஓட்டுப்போடலாம். ஐரோப்பிய நாட்டவரில் அயர்லாந்து, மால்டா, சைப்ரஸ் மூன்றைத் தவிர மற்றவர்களுக்கு அந்த வாக்கெடுப்பில் இடம் இல்லை. “தம்பி, நீங்கள் நேற்று வந்தனீங்கள், உங்களுக்கு வோட் இருக்கு. நான் இவ்வளவு காலம் வரி கட்டுறன், என்ர வாழ்க்கையைப் பற்றித்தான் கேக்கினம், எனக்கு வோட் இல்லை” என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. வெளியேற வேண்டும் என்று 51.9 சதவீதம், இருக்க வேண்டும் என்று 48.1. அதற்குப் பிறகு அவர் செட்டில்ட் ஸ்டேட்டஸுக்கு விண்ணப்பிக்க வேண்டி வந்தது, 2021 ஜூன் 30 கடைசி நாள், தன் வீட்டில் தொடர்ந்து வாழ அனுமதி கேட்டு.

இந்த இடத்தில்தான் உறுப்பினர் சந்தாவின் மதிப்பே இருக்கிறது. லேபரிலும் லிப் டெமிலும் சேரப் பிரிட்டிஷ் குடியுரிமை வேண்டியதில்லை, இங்கே வசித்தால் போதும் (லேபரில் ஒரு வருடத்துக்கு மேல் வசித்திருக்க வேண்டும்). நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டு இல்லாதவர் கட்சிக்குள் ஓட்டுப் போடலாம், தலைவரைத் தேர்ந்தெடுக்கலாம். இதை நம் ஆட்களில் எத்தனை பேர் தெரிந்துவைத்திருக்கிறார்கள்? தமிழ்க் கடை வாசலில் தேர்தல் சமயத்தில் கைகுலுக்கிவிட்டுப் போகிற வேட்பாளர் யாரும் இதைச் சொல்லித் தருவதில்லை.

அப்படியானால் எந்தக் கட்சி? இங்கேதான் இரண்டு சேவைகளும் வேறுபடுகின்றன.

லேபரில் நான் இருந்த காலத்தில் தொகுதிக் கூட்டங்களில் நல்ல விவாதம் நடந்தது, தொழிற்சங்கத்துக்காரர்களிடமிருந்து நிறையக் கற்றுக்கொண்டேன், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கட்சியின் ஐரோப்பா நிலைப்பாடு முடிவாகும் இடத்துக்கும் சாதாரண உறுப்பினருக்கும் இடையில் படிகள் அதிகம். வருடாந்திர மாநாட்டில் ஓட்டுப்போடுவது தொகுதிப் பிரதிநிதிகளும் தொழிற்சங்கங்களும்தான். பொதுவாக்கெடுப்பில் ‘இருக்க வேண்டும்’ என்று பிரசாரம் செய்த கட்சி, 2017 பிப்ரவரியில் வெளியேறும் நடைமுறையைத் தொடங்கும் மசோதாவை ஆதரிக்கச் சொல்லித் தன் எம்.பி.க்களுக்குக் கொறடா உத்தரவு போட்டது. 2018 லிவர்பூல் மாநாட்டில் தொகுதிகளிலிருந்து வந்த தீர்மானங்கள் எல்லாவற்றையும் ஒரு அறையில் வைத்து மணிக்கணக்கில் பேசி ஒரே வாசகமாகச் சுருக்கினார்கள், அதில் இரண்டாவது வாக்கெடுப்புக்குக் கதவு கொஞ்சம் திறந்திருந்தது. 2019 பிரைட்டன் மாநாட்டில், ‘இருக்க வேண்டும்’ என்று கட்சி பிரசாரம் செய்ய வேண்டும் என்ற தீர்மானம் கை தூக்கும் ஓட்டில் தோற்றதாக மேடையிலிருந்து அறிவித்தார்கள். கீழே இருந்தவர்கள் அட்டை வைத்து எண்ணச் சொல்லிக் கேட்டார்கள், எண்ணவில்லை. அதற்குள் நான் மாறிவிட்டிருந்தேன். ஆனால் திருச்சியிலிருந்து என்னோடு இங்கே வந்த நண்பர் ஒருவர் லேபரிலேயே இருந்தார், அவர் அன்று போனில் பேசியபோது அவர் குரலில் இருந்த ஆத்திரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

லிப் டெமில் ஒரு விஷயம் தெளிவாக வேறு. மாநாட்டுக்குப் பதிவு செய்து வருகிற எந்த உறுப்பினரும் கொள்கைத் தீர்மானத்தில் ஓட்டுப்போடலாம். பிரதிநிதியாகத் தேர்வாக வேண்டியதில்லை. 2019 செப்டம்பரில் போர்ன்மவுத் மாநாட்டுக்கு நானும் போனேன். அன்றைய தீர்மானம் பெரியது: லிப் டெம் தனிப் பெரும்பான்மையோடு ஆட்சிக்கு வந்தால், மறு வாக்கெடுப்பு எதுவும் இல்லாமல் பிரெக்ஸிட்டையே ரத்து செய்துவிடும். எனக்கு அது சரியாகப் படவில்லை. மக்கள் ஓட்டுப்போட்டு எடுத்த முடிவை மக்கள் ஓட்டுப்போட்டுத்தான் மாற்ற வேண்டும் என்பது என் நிலைப்பாடு. மேடையில் இரண்டு பக்கமும் பேசினார்கள், சாதாரண உறுப்பினர்கள், ஆளுக்குச் சில நிமிடம், எதிர்த்துப் பேசியவர்களையும் கூட்டம் கேட்டது. ஓட்டெடுப்பில் எதிராகக் கை தூக்கினேன். பெரிய வித்தியாசத்தில் தோற்றோம். ஆனால் என் கை எண்ணப்பட்டது. ஐரோப்பாவுக்காக ஒரு கட்சிக்கு மாறி, அந்தக் கட்சியின் ஐரோப்பாக் கொள்கையையே எதிர்த்து ஓட்டுப்போட்டுத் தோற்று, அப்படியும் சந்தாவைத் தொடர்ந்தேன் என்றால் இதற்காகத்தான்.

குறை என்னவென்றால் மாநாட்டுக்குப் போகத் தனிக் கட்டணம், ரயில், தங்குமிடம் எல்லாம் சேர்த்தால் வருடச் சந்தாவைவிடப் பல மடங்கு ஆகும். சனி ஞாயிறு வேலை செய்கிறவர்கள், சின்னப் பிள்ளைகள் வைத்திருப்பவர்கள், கடை நடத்துகிறவர்கள் போக முடியாது. நம் ஆட்களில் பாதிப் பேர் இந்தக் கணக்கில் வருவார்கள். எல்லா உறுப்பினருக்கும் ஓட்டு என்று சொல்லிவிட்டு ஓட்டுப்பெட்டியைக் கடற்கரை ஊரில் வைத்தால் யாருடைய ஓட்டு விழும்? 2020இல் கொரோனாவால் மாநாடு இணையத்தில் நடந்தபோது இது கொஞ்சம் மாறியது, அந்த மாநாட்டில்தான் நீண்ட கால நோக்கில் மீண்டும் உறுப்பு நாடாவதே குறிக்கோள் என்று உறுப்பினர்கள் திருத்தம் கொண்டுவந்து நிறைவேற்றினார்கள். தலைமை அதைவிட மென்மையான வாசகத்தோடுதான் வந்திருந்தது.

இப்போது, “இன்று எந்தக் கட்சி ஐரோப்பாவுக்கு ஆதரவு” என்று பார்த்து மாறக் கூடாது என்றேனே, அதற்குக் காரணம் வரலாறுதான். 1973 ஜனவரி 1 அன்று பிரிட்டனை ஐரோப்பியச் சமூகத்துக்குள் (இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடி) கொண்டுபோனது கன்சர்வேட்டிவ் பிரதமர் எட்வர்ட் ஹீத். அதற்கான 1971 நாடாளுமன்ற ஓட்டெடுப்பில் ராய் ஜென்கின்ஸ் தலைமையில் 69 லேபர் எம்.பி.க்கள் தங்கள் கட்சியை மீறி ஹீத்துக்கு ஓட்டுப்போட்டார்கள். 1975 பொதுவாக்கெடுப்பில் ‘இருக்க வேண்டும்’ என்று மார்கரெட் தாட்சர் பிரசாரம் செய்தார். 1983 தேர்தல் அறிக்கையில் வெளியேறுவோம் என்று சொன்னது லேபர். அந்தப் போக்கைப் பொறுக்காமல்தான் 1981இலேயே ஜென்கின்ஸ், டேவிட் ஓவன், ஷெர்லி வில்லியம்ஸ், பில் ராட்ஜர்ஸ் நால்வரும் பிரிந்துபோய்ச் சோஷியல் டெமாக்ரடிக் கட்சியைத் தொடங்கினார்கள், பிற்பாடு லிபரல்களோடு அது இணைந்து உருவானதுதான் நான் இருக்கும் கட்சி. 1988இல் ஐரோப்பிய ஆணையத் தலைவர் ஜாக் டெலோர் பிரிட்டிஷ் தொழிற்சங்க மாநாட்டில் வந்து பேசிய பிறகு லேபர் ஐரோப்பா பக்கம் திரும்பியது, டோரிகள் எதிர்ப்பக்கம் நகர ஆரம்பித்தார்கள். ஐரோப்பாவை மட்டும் பார்த்துக் கட்சி மாறுவது என்று ஒருவர் 1970இல் சபதம் எடுத்திருந்தால், தன் கருத்தில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் இரண்டு மூன்று முறை கட்சி மாறியிருப்பார்.

மாறினால் பலன் உண்டா என்பதற்கும் வரலாற்றில் பதில் இருக்கிறது, அது நான் எதிர்பார்த்த பதில் இல்லை. இனாக் பவல் என்றால் புலம்பெயர்ந்தவர்களுக்கு எதிரான பேச்சுதான் நமக்கு ஞாபகம் வரும், அந்த மனிதர்மேல் எனக்கு எந்த மரியாதையும் கிடையாது, ஆனால் 1974 பிப்ரவரித் தேர்தலில் அவர் செய்தது இந்தக் கேள்விக்கு நேரடி உதாரணம். ஐரோப்பாவை எதிர்த்த அவர் தன் சொந்த டோரிக் கட்சியில் நிற்காமல், வாக்கெடுப்பு நடத்துவோம் என்று சொன்ன லேபருக்கு ஓட்டுப்போடச் சொன்னார். லேபர் ஆட்சிக்கு வந்தது, வாக்கெடுப்பும் நடந்தது. 67 சதவீதம் பேர் இருக்க வேண்டும் என்றார்கள். கட்சி மாறியதால் அவருக்குக் கிடைத்தது கேள்வி, விடை இல்லை.

நாற்பது வருடம் கழித்து, ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறக் கோரிய யுகிப் கட்சி அதே வழியில் ஜெயித்தது. 2014 ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் யுகிப் முதலிடம். அதே வருடம் டக்ளஸ் கார்ஸ்வெல், மார்க் ரெக்லெஸ் என்ற இரண்டு டோரி எம்.பி.க்கள் யுகிப்புக்கு மாறி, பதவியை ராஜினாமா செய்து இடைத்தேர்தலில் நின்று ஜெயித்தார்கள். (இந்தியாவில் இருப்பவர்களுக்கு: இங்கே கட்சித்தாவல் தடைச் சட்டம் கிடையாது. எம்.பி. கட்சி மாறினாலும் பதவி போகாது. இவர்கள் இருவரும் தாமாகவே மக்களிடம் திரும்பப் போனார்கள், அந்த விஷயத்தில் அவர்களை மதிக்கிறேன்.) 2015 பொதுத்தேர்தலில் யுகிப்புக்கு 12.6 சதவீத ஓட்டு, ஒரே ஒரு இடம். இடக் கணக்கில் படுதோல்வி. ஆனால் அந்த ஓட்டுகள் கையை விட்டுப் போகிற பயத்திலும்தான் டேவிட் கேமரன் வாக்கெடுப்பு நடத்துவதாக 2013இலேயே வாக்குக் கொடுத்திருந்தார். சேர்ந்த கட்சி ஜெயிக்கவில்லை, விட்டுவந்த கட்சி பயந்தது, காரியம் நடந்தது.

எங்கள் பக்கமும் ஒருமுறை அது வேலை செய்தது. 2019 மே 23 ஐரோப்பியத் தேர்தலில் லிப் டெமுக்கு 16 இடம், லேபர் 13.6 சதவீதத்தோடு மூன்றாமிடம், டோரிகளுக்கு 8.8. அடுத்த சில வாரங்களிலேயே, டோரி ஒப்பந்தத்துக்கு எதிரான வாக்கெடுப்பில் ‘இருக்க வேண்டும்’ என்ற பக்கம் நிற்போம் என்று லேபர் தலைவர் ஜெரமி கார்பின் அறிவித்தார். இத்தனை காலம் தொகுதிக் கூட்டங்களில் உட்கார்ந்து தீர்மானம் போட்டு நடக்காதது, ஒரு நாள் ஓட்டை மாற்றிப் போட்டதில் நடந்தது. இந்த மாதிரித் தேர்தல்களில், ஆட்சி யாருக்கு என்பது முடிவாகாத தேர்தல்களில், ஓட்டை மாற்றிப் போடுவதற்கு நான் முழு ஆதரவு. இப்போது ஐரோப்பியத் தேர்தல் இல்லை, கவுன்சில் தேர்தல் இருக்கிறது, இடைத்தேர்தல் இருக்கிறது.

பொதுத்தேர்தல் வேறு விஷயம். 2019 பிப்ரவரியில் லேபரிலிருந்து எட்டு எம்.பி.க்களும் டோரியிலிருந்து மூன்று எம்.பி.க்களும் பிரெக்ஸிட்டை முக்கியக் காரணங்களில் ஒன்றாகச் சொல்லி வெளியேறித் தனிக் குழு அமைத்தார்கள். செப்டம்பர் 3 அன்று பிலிப் லீ, பிரதமர் போரிஸ் ஜான்சன் பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்துபோய் லிப் டெம் வரிசையில் உட்கார்ந்தார், அரசின் பெரும்பான்மை அந்த நிமிடத்தில் போனது. டிசம்பர் 12 தேர்தல் முடிந்தபோது அந்தப் பதினோரு பேரில் ஒருவரும் எம்.பி. இல்லை, பிலிப் லீயும் தோற்றார், எங்கள் தலைவர் ஜோ ஸ்வின்சனே தன் தொகுதியில் 149 ஓட்டில் தோற்றார். ஜான்சனுக்கு 365 இடம். 2020 ஜனவரி 31 இரவு பிரிட்டன் வெளியேறியது. அந்தக் குளிர்காலம் முழுக்கத் துண்டறிக்கை போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து முடிவுகளைப் பார்த்தபோது ஏற்பட்ட வேதனையை மறைக்க விரும்பவில்லை.

அப்புறம் 2024. இதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மாற நினைக்கிற எல்லோருக்கும் இதுதான் முக்கியமான தகவல். 2019இல் ஐரோப்பா ஐரோப்பா என்று தொண்டை வற்றக் கத்திய லிப் டெமுக்குக் கிடைத்தது சுமார் 11.5 சதவீத ஓட்டு, 11 இடம். 2024இல் எங்கள் தலைவர் எட் டேவி துடுப்புப் பலகையிலும் தண்ணீர்ச் சறுக்கிலும் விழுந்து எழுந்து, ஆற்றில் சாக்கடை கலப்பது, டாக்டர் அப்பாயின்ட்மென்ட் கிடைக்காதது, வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்கள் படும் பாடு என்று பேசினார். ஐரோப்பா தேர்தல் அறிக்கையில் இருந்தது, படிப்படியாக ஐரோப்பாவின் ஒற்றைச் சந்தைக்கு (சரக்கும் ஆட்களும் தடையின்றிப் போய்வரும் ஏற்பாடு) திரும்பும் திட்டமும் இருந்தது, ஆனால் எங்கள் துண்டறிக்கைகளில் அதைத் தேடித்தான் பார்க்க வேண்டும். கிடைத்தது 12.2 சதவீத ஓட்டு, 72 இடம். ஓட்டு கிட்டத்தட்ட அதேதான். ஜெயிக்க முடிகிற தொகுதிகளில் வேலையைக் குவித்ததும், டோரிகள் சரிந்ததும்தான் அந்த 72. ஐரோப்பாவுக்காகச் சேர்ந்த என் போன்றவர்களின் கால்களும் கைகளும் பயன்பட்டன, எங்கள் காரணம் பயன்படவில்லை. இதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு. உள்ளூர்க் கூட்டத்தில் எழுந்து சொன்னேன், மறுபடியும் சொல்வேன்.

லேபரில் இருந்த நண்பர் கதை இதைவிடக் கசப்பு. 2020 தலைவர் தேர்தலில் கியர் ஸ்டார்மர் பத்து வாக்குறுதிகள் கொடுத்தார். அதில் ஒன்று சுதந்திர நடமாட்டத்தைக் காப்பது. அதை நம்பி ஓட்டுப்போட்டார் நண்பர். 2022 ஜூலையில் அதே ஸ்டார்மர் ஒற்றைச் சந்தைக்கும் திரும்ப மாட்டோம், உறுப்பு நாடுகளுக்குள் சுங்கவரி இல்லாத சுங்க ஒன்றியத்துக்கும் திரும்ப மாட்டோம், சுதந்திர நடமாட்டமும் வராது என்று பேசினார், 2024 அறிக்கையிலும் அதுவே. 411 இடங்களோடு ஆட்சிக்கு வந்தார்கள். 2025 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியத்தோடு ஓர் உடன்பாடு செய்தார்கள், உணவுப் பொருள் சோதனையைக் குறைப்பது, இளைஞர்கள் போய்வர ஒரு திட்டத்தைப் பேசுவது, மீன்பிடி உரிமையைப் பன்னிரண்டு வருடம் நீட்டிப்பது. நல்லதுதான், ஆனால் பக்கத்து வீட்டு அண்ணனுக்குக் கிடைத்த அந்தச் சுதந்திரம் அவர் தம்பி பிள்ளைகளுக்கு இனிக் கிடையாது.

வெளியேறியதை ஆதரிக்கும் தமிழர்களும் இருக்கிறார்கள், அவர்கள் வாதத்தை நான் தள்ளிவிட மாட்டேன். 2014 மே 1 முதல் இந்திய அல்போன்சா மாம்பழத்துக்கும் பாகற்காய், புடலங்காய், கத்திரிக்காய்க்கும் ஐரோப்பிய ஒன்றியம் தடை போட்டது, பூச்சி இருந்ததாகக் காரணம். மாம்பழத் தடை 2015 தொடக்கத்தில் நீங்கியது, காய்கறித் தடை அதற்குப் பிறகும் நீடித்தது. வெம்பிளி ஈலிங் ரோட்டில் காய்கறிக் கடை வைத்திருப்பவருக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் தலைமையகமான பிரஸ்ஸல்ஸ் என்றால் அதுதான். 2016இல் டோரி அமைச்சர் பிரீத்தி படேல், ஐரோப்பாவை விட்டு வெளியேறினால் நம் ஊர்ச் சமையல்காரர்களைக் கூட்டிவரலாம், கறி ரெஸ்டாரன்ட்கள் பிழைக்கும் என்று பிரசாரம் செய்தார், அதை நம்பி ஓட்டுப்போட்ட கடைக்காரர்களை எனக்குத் தெரியும். 2024 ஏப்ரலில் வேலை விசாவுக்கான சம்பள வரம்பு 26,200 பவுண்டிலிருந்து 38,700 ஆனது. எந்தச் சமையலறை அந்தச் சம்பளம் கொடுக்கும்? அவர்கள் கோபமும் நியாயமானது, அந்தக் கோபத்தில் ரிஃபார்முக்குப் போக நினைக்கிறவர்களிடம் ஒன்று கேட்பேன்: அந்தக் கட்சி விசாவை இன்னும் இறுக்குவோம் என்றுதான் சொல்கிறது, உங்கள் சமையல்காரர் எப்படி வருவார்?

இன்னொன்று, ஐரோப்பா ஒன்றே நம் பிரச்சினை இல்லை. ஊரில் இருக்கிற அப்பா அம்மாவைக் கூட்டிவருவதைக் கிட்டத்தட்ட முடியாததாக்கிய 2012 விதிகள் வந்தபோது ஆட்சியில் டோரியோடு கூட்டணியில் இருந்தது லிப் டெம்தான். 2010இல் கல்விக் கட்டணத்தை உயர்த்த மாட்டோம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு 9,000 பவுண்டுக்கு உயர்த்த உடந்தையானதும் இவர்கள்தான். ஈழத் தமிழர் பிரச்சினையில் தொடர்ந்து பேசுகிறவர்கள் எல்லாக் கட்சியிலும் இருக்கிறார்கள், ஹாரோ வெஸ்டில் லேபரின் கேரத் தாமஸ், கிங்ஸ்டனில் எட் டேவி. 2024இல் ஸ்ட்ராட்ஃபோர்ட் அண்ட் போவில் தமிழரான உமா குமரன் லேபர் சார்பில் ஜெயித்து நாடாளுமன்றத்துக்குப் போனார். அந்தத் தொகுதியில் நான் இருந்திருந்தால், லிப் டெம் அட்டை பையில் இருக்கும்போதும், ஓட்டு விஷயத்தில் நிறைய யோசித்திருப்பேன்.

மாறுவதென்று முடிவு செய்தவர்களுக்கு நடைமுறை விஷயங்கள். ஒரே நேரத்தில் இரண்டு கட்சியில் இருக்க முடியாது. உறுப்பினராக இருந்துகொண்டு வேறு கட்சிக்கு ஓட்டுப்போட்டேன் என்று வெளியே சொல்லவும் கூடாது: 2019 ஐரோப்பியத் தேர்தலில் லிப் டெமுக்கு ஓட்டுப்போட்டதாக டிவியில் சொன்ன, டோனி பிளேரின் செய்தித் தொடர்பாளராக இருந்த அலஸ்டர் கேம்ப்பெல்லை லேபர் நீக்கியது, அப்படிப் போடப்போவதாகச் சொன்ன முன்னாள் துணைப் பிரதமர் மைக்கேல் ஹெசல்டைனை டோரிகள் தங்கள் அணியிலிருந்து ஒதுக்கினார்கள். இருவருக்கும் பல பத்தாண்டு உழைப்பு இருந்தும் விலக்கு இல்லை. வங்கியில் டைரக்ட் டெபிட்டை மட்டும் நிறுத்தாமல், விலகுகிறேன் என்று பழைய கட்சிக்கு இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்பி, ஏன் என்றும் எழுதுங்கள். ஐரோப்பாதான் காரணம் என்றால் அந்த வார்த்தையைப் போட்டே எழுதுங்கள், போகிறவர்கள் ஏன் போகிறார்கள் என்று தெரிந்தால்தானே யோசிப்பார்கள். தலைவர் தேர்தல் நெருங்கும்போது எந்தத் தேதிக்கு முன் சேர்ந்தால் ஓட்டு என்று ஒரு கெடு வைப்பார்கள், அதைப் பார்த்துச் சேருங்கள்.

என் மதிப்பெண்: ஐரோப்பா விஷயத்தில் உறுப்பினருக்குச் சொல்லுரிமை என்று பார்த்தால் லிப் டெமுக்கு ஐந்துக்கு மூன்றரை, அந்த ஒன்றரையைக் குறைப்பது மாநாட்டுச் செலவும் 2024இன் மௌனமும். லேபருக்கு இரண்டு, ஆட்சியில் இருப்பதால் உண்மையில் எதையாவது மாற்றக்கூடியவர்கள் அவர்கள்தான் என்பதற்காக இன்னொரு அரை. கன்சர்வேட்டிவ், ரிஃபார்ம் இரண்டிலும் நான் இருந்ததில்லை, மதிப்பெண் போட மாட்டேன். பக்கத்து வீட்டு அண்ணன் போன வருடம் லிப் டெமில் சேர்ந்தார். அடுத்த மாநாட்டுக்கு ரயில் டிக்கெட் விலை இறங்கும்போது சேர்த்துப் போடலாம் என்று சொல்லியிருக்கிறார்.